குறைந்த சர்க்கரையில் நிறைந்த சுவை: செம்பாகில் வெந்த அன்னாசி

விருந்து என்றால் இனிப்பு. இனிப்பு என்றால் சர்க்கரை. நம் தோட்டப்புற இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம் இது. தீபாவளியோ பொங்கலோ, பிறந்தநாளோ திருமணமோ எதுவாயினும் கேசரியும் பாயசமும் லட்டும் இல்லாமல் நடப்பதில்லை. அதே வேளையில், வீட்டுக் கொல்லையில் விளையும் அன்னாசியும் வாழையும் ஒரே வாரத்தில் பழுத்துக் குவிந்து, உண்பாரின்றி அழுகிப் போவதும் உண்டு. கடையில் காசு கொடுத்துச் சர்க்கரையை வாங்குகிறோம். கொல்லையில் இலவசமாகக் கிடைக்கும் இனிப்பை வீணாக்குகிறோம்.

இவ்விரண்டையும் இணைத்துப் பயன்கொள்ளும் எளிய வழியொன்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சிறிதளவு சர்க்கரையைப் பொன்னிறமாகக் காய்ச்சி, அதில் அன்னாசித் துண்டுகளை வேகவைத்து, பாண்டான், எலுமிச்சைப் புல், புதினா ஆகியவற்றின் மணத்தைச் சேர்க்கும் முறையே அது. அரை மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். இதற்குப் பெரிய பாத்திரங்களோ விலையுயர்ந்த பொருள்களோ வேண்டியதில்லை. ஆயினும், சர்க்கரையைக் காய்ச்சுவது கவனத்தோடு செய்யவேண்டிய வேலை. எனவே, என்ன செய்யவேண்டும் என்பதோடு, ஏன் அவ்வாறு செய்யவேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுவோம்.

அன்னாசியும் ரப்பர்த் தோட்டமும்

அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் பெயரும் அங்கிருந்து போர்த்துகீசியர் வாயிலாகவே தமிழுக்கு வந்தது. மலாய் மொழியில் ‘நானாஸ்’ என வழங்குவதும் அதே சொல்லின் மற்றொரு வடிவம்தான்.

ரப்பர்த் தோட்டத்திற்கும் அன்னாசிக்கும் பழைய உறவு உண்டு. நட்ட ரப்பர்க் கன்று பால் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை வருமானம் இல்லை. ஆனால், முதல் சில ஆண்டுகளில் கன்றுகளுக்கு இடையே வெயில் தாராளமாக விழும். அந்த இடைவெளியில் ஊடுபயிராக அன்னாசி பயிரிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பரவலாக இருந்தது. சிங்கப்பூரில் வாழ்ந்த லிம் நீ சூன் (1879–1936) ரப்பர், அன்னாசி ஆகிய இரண்டிலும் பெருந்தொழில் நடத்தியவர்.

இன்று ஜொகூரின் பொந்தியான் பகுதியிலுள்ள கரி மண் நிலங்கள் அன்னாசிக்குப் பெயர் பெற்றவை. சந்தையில் மோரிஸ், ஜோசபின், எம்.டி.2 ஆகிய வகைகள் கிடைக்கின்றன. இவற்றுள் ஜோசபின் நம் நாட்டிலேயே உருவானது. மார்டி எனப்படும் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம், ஜொகூர் வகையையும் சரவாக் வகையையும் இணைத்து இதனை உருவாக்கி 1996ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவற்றில் எந்த வகையும் நம் பலகாரத்திற்கு ஏற்றதே.

பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் உண்மையை நினைவிற்கொள்ளுதல் நலம். வாழையைக் காயாகப் பறித்து வைத்தால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி இனிப்பேறும். அன்னாசி அவ்வாறன்று. செடியிலிருந்து வெட்டிய பின்னர் அதன் தோல் மஞ்சளாகலாம், சதை மென்மையாகலாம், ஆனால் இனிப்பு கூடுவதில்லை. ஆகவே அடிப்பகுதி மஞ்சளாகி, முகர்ந்தால் நன்கு மணக்கும் பழத்தையே வெட்டவேண்டும். சற்று முந்தி வெட்டப்பட்டதால் புளிப்பாகவே நின்றுவிட்ட பழத்தை எறிந்துவிடவும் வேண்டாம். செம்பாகில் வேகவைப்பதற்கு அத்தகைய பழமும் நன்றாகவே பயன்படும்.

செம்பாகு என்பது யாது?

சர்க்கரையைப் பாகு காய்ச்சுவது நம் இல்லத்தரசிகள் நன்கறிந்த கலை. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என அவர்கள் விரலால் தொட்டே கண்டறிவர். இப்பதங்களில் நிகழ்வது ஒன்றே: நீர் குறைகிறது, வெப்பம் ஏறுகிறது. வெறும் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. கம்பிப் பதத்தில் பாகின் வெப்பம் ஏறத்தாழ 105 பாகை. உருட்டுப் பதத்தில் அது 115 பாகைக்கு மேல் செல்கிறது. 150 பாகையில் பாகில் நீர் மிகச் சிறிதளவே எஞ்சியிருக்கும்.

இதுவரை சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது. இனிப்பைத் தவிர அதற்கு வேறு சுவையோ மணமோ இல்லை. 160 பாகையைத் தாண்டும்போதுதான் அதன் இயல்பே மாறத் தொடங்குகிறது. சர்க்கரையின் நுண்கூறுகள் உடைந்து, நீரை இழந்து, ஒன்றோடொன்று புதிய வகையில் சேர்கின்றன. நிறமற்ற பாகு முதலில் வைக்கோல் நிறமும், பின்னர் தேன் நிறமும், அதன்பின் பால் சேர்க்காத தேநீரின் செந்நிறமும் பெறுகிறது. நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்கள் பிறக்கின்றன. இனிப்புடன் இலேசான கசப்பும் புளிப்பும் கலக்கின்றன. ஆங்கிலத்தில் கேரமல் என வழங்கும் இதனை நாம் செம்பாகு எனக் குறிப்பிடுவோம்.

இம்மாற்றத்தில்தான் நமக்குரிய பயன் அடங்கியிருக்கிறது. வெறும் சர்க்கரையில் சுவை கூட்ட வேண்டுமானால் அளவைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. செம்பாகிலோ மணமும் மெல்லிய கசப்பும் சேர்ந்து, சிறிய அளவே பெரிய சுவையைத் தருகின்றன. வேலை செய்வது வெப்பம், அளவன்று.

ஆனால் செந்நிறத்தைத் தாண்டிக் கருநிறம் அடைந்தால் கசப்பு மட்டுமே மிஞ்சும். தேன் நிறத்திலிருந்து கருநிறத்திற்குச் செல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. பாகு காயும்போது அடுப்பை விட்டு அகலக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இலைகளின் மணம்

பாண்டான் இலை பல வீடுகளில் குழாயடியிலேயே வளர்கிறது. பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே பொருள்தான் பாண்டான் இலைக்கும் மணம் தருகிறது. அதனால்தான் சாதாரண அரிசியிலும் ஒரு பாண்டான் இலையை இட்டால் சோறு மணக்கிறது. அந்த மணம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளிவரும். எனவே பாண்டானைத் தொடக்கத்திலேயே சேர்க்கவேண்டும்.

மலாய் மொழியில் செராய் எனப்படும் எலுமிச்சைப் புல்லும் அத்தகையதே. அதன் தண்டு கடினமானது. மணம் தரும் எண்ணெய் உள்ளே பொதிந்திருக்கிறது. தண்டின் வெண்மையான அடிப்பகுதியை அம்மிக் குழவியாலோ கத்தியின் அடிப்புறத்தாலோ நசுக்கினால்தான் அது வெளிப்படும். இஞ்சிக்கும் இவ்விதி பொருந்தும்.

புதினா இதற்கு நேர் மாறானது. அதன் மெல்லிய இலையிலுள்ள எண்ணெய் சூட்டில் விரைவாக ஆவியாகிவிடும், இலையும் கறுத்துவிடும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே அதனைத் தூவவேண்டும். ‘கடினமான இலையும் தண்டும் முதலில், மென்மையான இலை இறுதியில்’ என்ற இவ்விதியை நினைவிற்கொண்டால், வேறு எந்த மூலிகையைப் பயன்படுத்துவதாயினும் தடுமாற்றம் நேராது. புதினாவுக்குப் பதிலாகத் துளசி இலையையும் இவ்வாறே தூவலாம்.

தேவையான பொருள்கள் (ஆறு பேருக்கு)

நடுத்தர அளவுள்ள அன்னாசி 1 (தோலும் நடுத்தண்டும் நீக்கிய பின் ஏறத்தாழ 600 கிராம்)
சர்க்கரை 4 மேசைக் கரண்டி (50 கிராம்)
தண்ணீர் 2 மேசைக் கரண்டி
நெய் அல்லது வெண்ணெய் 2 தேக்கரண்டி
பாண்டான் இலை 2
எலுமிச்சைப் புல் 1 தண்டு
இஞ்சி ஒரு சிறு துண்டு
கஸ்தூரி எலுமிச்சை 2
உப்பு ஒரு சிட்டிகை
புதினா இலை 10 அல்லது 12

செய்முறை

முதலில் எல்லாப் பொருள்களையும் எடுத்து அடுப்பருகே வைத்துக்கொள்ள வேண்டும். பாகு செந்நிறமான பிறகு இஞ்சியைத் தேட நேரம் இருக்காது.

அன்னாசியின் தோலைச் சீவி, கண்களை நீக்கி, நெடுக்குவாட்டில் எட்டாகப் பிளந்து, நடுத்தண்டை அகற்றவேண்டும். பழத்தின் அடிப்பகுதி மிக இனிப்பாகவும் தலைப்பகுதி சற்றுப் புளிப்பாகவும் இருக்கும். ஆதலால் துண்டுகளை விரல் பருமனில் நறுக்கிய பின் ஒன்றாகக் கலந்துவிடுவது நல்லது. துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி, மேலுள்ள சாற்றை எடுத்துவிட வேண்டும். ஈரம் மிகுந்திருந்தால் பாகு தெறிக்கும். வடிந்த சாற்றை எறியாமல் தனியே வைத்துக்கொள்ளலாம்.

பாண்டான் இலைகளைக் கழுவித் துடைத்து முடிச்சிட்டு வைக்கவேண்டும். எலுமிச்சைப் புல்லையும் இஞ்சியையும் நசுக்கிக்கொள்ள வேண்டும்.

கனமான அடியுள்ள, அகன்ற வாணலியில் சர்க்கரையைப் பரப்பித் தண்ணீரைத் தெளித்து, நடுத்தரச் சூட்டில் வைக்கவேண்டும். கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றில் சில துளிகளை இப்போதே விடவேண்டும். சர்க்கரை கரையும்வரை வாணலியை மெல்லச் சுழற்றலாம். பாகு கொதிக்கத் தொடங்கிய பிறகு கரண்டியால் கிளறக்கூடாது. கரண்டியில் ஒட்டிய ஒரு சர்க்கரை மணி பாகில் விழுந்தாலும், அதனைச் சுற்றி மற்றவை திரண்டு, பாகு முழுவதும் மீண்டும் சர்க்கரையாகப் பூத்துவிடும். எலுமிச்சையின் புளிப்பு இதனைத் தடுக்க உதவுகிறது.

நீர் வற்றியதும் பாகு ஓரங்களில் நிறம் மாறத் தொடங்கும். வாணலியைச் சுழற்றி நிறத்தைச் சமமாக்க வேண்டும். தேன் நிறத்தைக் கடந்து செந்நிறம் தலைகாட்டும்போதே சூட்டைக் குறைக்கவேண்டும். அடுப்பை அணைத்த பின்னும் வாணலியின் சூட்டில் பாகு தொடர்ந்து நிறமேறும் என்பதை மறத்தல் ஆகாது. விறகடுப்பில் சமைப்போர் வாணலியையே ஒருகணம் இறக்கிவிடுவது சிறந்தது.

இப்போது நெய்யைச் சேர்த்து, அன்னாசித் துண்டுகளை வாணலியின் ஓரத்திலிருந்து மெதுவாகச் சரியவிட வேண்டும். ‘சுர்’ என்ற ஒலி எழும். பாகு சட்டென்று கல்போல் இறுகும். அஞ்சவேண்டியதில்லை. குளிர்ந்த பழம் பட்டதால் இறுகிய பாகு, பழச்சாறு ஊறியதும் இரண்டொரு நிமிடங்களில் மீண்டும் இளகிவிடும். உடனே பாண்டான், எலுமிச்சைப் புல், இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்து, எடுத்துவைத்த சாற்றையும் ஊற்றவேண்டும்.

நடுத்தரச் சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடங்கள் வரை, துண்டுகளை அவ்வப்போது புரட்டிவிட்டு வேகவைக்க வேண்டும். சாறு சுண்டி, பழத்தின் மேல் மினுமினுப்பாகப் படியும்போது இறக்கிவிடலாம். தண்டையும் பாண்டான் இலையையும் எடுத்துவிட்டு, உப்பையும் மீதமுள்ள எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து, சூடு சற்றுத் தணிந்ததும் புதினாவைத் தூவவேண்டும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக்காட்டும்.

பச்சை அன்னாசியை மிகுதியாக உண்டால் நாக்கு எரிகிறது அல்லவா? அதிலுள்ள புரோமலின் என்னும் பொருள் புரதத்தைச் சிதைக்கும் தன்மையுடையது. வேகவைக்கும்போது அது செயலிழந்துவிடுகிறது. வைட்டமின் ‘சி’யும் வெப்பத்தால் ஓரளவு குறைகிறது. எனவே பச்சைப் பழம் உண்பதற்கு இதனை மாற்றாகக் கருதாமல், பலகாரத்திற்கு மாற்றாகக் கருதுவதே பொருந்தும்.

வெதுவெதுப்பாக அப்படியே உண்ணலாம். கெட்டித் தயிருடன் சேர்த்தும் உண்ணலாம். இடியாப்பத்திற்குச் சர்க்கரை தூவுவதை விடுத்து, தேங்காய்ப்பூவோடு இதனைச் சேர்த்துப் பரிமாறினால் பிள்ளைகள் விரும்பி உண்பர். மீதமானதை ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும்.

வாழைப்பழத்திலும் செய்யலாம்

அன்னாசி இல்லாத காலத்தில் பீசாங் ராஜா, பீசாங் பெராங்கான் போன்ற வாழைப்பழங்களைப் பயன்படுத்தலாம். பழம் பழுத்திருக்கவேண்டும், ஆனால் குழைந்திருக்கக்கூடாது. வாழையில் சாறு குறைவு. ஆதலால் செம்பாகு ஆயத்தமானதும் அடுப்பைத் தணித்து, இரண்டு மேசைக் கரண்டி வெந்நீரை எட்ட நின்று விட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். எலுமிச்சைப் புல்லையும் பாண்டானையும் அதில் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, பிறகே நெடுக்காகப் பிளந்த பழங்களை அடுக்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் போதும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் ‘குலா மெலாக்கா’ எனப்படும் தென்னஞ் சர்க்கரையைப் பயன்படுத்த விரும்புவோரும் உளர். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கப்படும் அது முன்னரே பழுப்பு நிறமுடையது. தனக்கென நல்ல மணமும் கொண்டது. ஆனால் அதன் நிறத்தைக் கொண்டு பதம் அறிய இயலாது. விரைவில் அடிப்பிடிக்கவும் செய்யும். ஆகவே அதனைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, கொதித்ததும் பழத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பு முதன்மையானது

கொதிநீர் 100 பாகை சூடுள்ளது. செம்பாகோ அதனினும் 60, 70 பாகை மிகுந்தது. மேலும் கொதிநீர் பட்டால் வழிந்தோடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். ஆகவே பாகு காய்ச்சும் வேளையில் சிறுபிள்ளைகளை அடுப்பருகே விடலாகாது. வாணலியின் கைப்பிடி வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. ருசி பார்க்க விரலால் தொடுவது கூடவே கூடாது. கம்பிப் பதத்தை விரலால் பார்த்துப் பழகிய கைகளுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

தவறிப் பட்டுவிட்டால், உடனே அந்த இடத்தைக் குழாய் நீரோட்டத்தில் 20 நிமிடங்கள் காட்டவேண்டும். வீக்கம் காணுமுன் மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய பாகைப் பிய்த்தெடுக்க முயலாமல், நீரிலேயே கரையவிட வேண்டும். பற்பசை, எண்ணெய், மாவு, பனிக்கட்டி ஆகிய எதனையும் வைத்தல் ஆகாது. அவை சூட்டை உள்ளேயே நிறுத்தும், அல்லது தோலை மேலும் புண்படுத்தும். பின்னர் சுத்தமான துணியால் இலேசாக மூடி, கொப்புளம் கண்டாலோ, முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, சுடுபட்டவர் குழந்தையாயின் எவ்விடத்தில் பட்டிருந்தாலோ, தாமதமின்றி மருந்தகத்திற்குச் செல்லவேண்டும்.

வாணலியில் இறுகிய பாகைச் சுரண்டவேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் தானே கரைந்துவிடும்.

எவ்வளவு உண்ணலாம்?

2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர்கள். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் என்பது இதன் பொருள். இந்தியர்களிடையே இவ்விகிதம் மற்ற இனத்தவரைவிட உயர்ந்திருப்பதையும் ஆய்வு காட்டியது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவர் உணவிலும் பானத்திலும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படக்கூடாது. 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நன்று. ஒரு கிண்ணம் ரவைக்கு ஒன்றரைக் கிண்ணம், அதாவது ஏறத்தாழ 300 கிராம், சர்க்கரை இட்டுக் கேசரி கிண்டி எட்டுப் பேர் பகிர்ந்துண்டால், ஒருவருக்கு 37 கிராமுக்கு மேல் சேர்கிறது. நம் அன்னாசிப் பலகாரத்தில் ஆறு பேருக்கு 50 கிராம்; ஒருவருக்கு எட்டு கிராமளவே. அதாவது இரண்டு தேக்கரண்டி.

எனினும், காய்ச்சியதால் சர்க்கரை மறைந்துவிட்டது என எவரும் எண்ணிவிடக்கூடாது. செம்பாகும் சர்க்கரையே, பழத்திலும் இயற்கையான சர்க்கரை 100 கிராமுக்குப் பத்து கிராமளவு உண்டு. நீரிழிவு உள்ளோர் இரண்டு மூன்று துண்டுகளோடு நிறுத்திக்கொண்டு, உடன் பருகும் தேநீரில் சர்க்கரையைத் தவிர்க்கவேண்டும். மருத்துவர் குறித்த உணவு முறையை இதன் பொருட்டு மாற்றிக்கொள்ளலாகாது.

இனிப்பைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. விருந்தினரை வரவேற்பதும், உழைத்துக் களைத்து வருவோர்க்கு ஒரு வாய் இனிப்பு நீட்டுவதும் நம் பண்பு. அந்தப் பண்பு நிலைக்கவேண்டுமானால், உண்பவர் நலமாயிருக்கவேண்டும். கொல்லையில் இரண்டு அன்னாசிச் செடிகள், குழாயடியில் ஒரு பாண்டான், பழைய வாளியில் சிறிது புதினா ஆகியவற்றை வளர்ப்பது எந்தக் குடும்பத்திற்கும் இயலக்கூடியதே. அடுத்த பண்டிகைக்குச் செய்யும் பலகாரங்களுள் ஒன்றையேனும் பழத்தில் செய்து பார்க்குமாறு நம் இல்லத்தரசிகளையும், விடுமுறை நாளில் அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டிய ஆடவரையும் கேட்டுக்கொள்கிறோம்.